கார்டு மாறினால் பேர் மாறும்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். காலண்டரும், பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிளும் அச்சடிக்கிற கம்பெனி. அங்கே எனக்குப் பதவி என்று ஒன்று இருக்கிறதா என்பது எனக்கே சரியாகத் தெரியாது. எல்லாருக்கும் நான் 'சிஸ்டம் அக்கா'. என்னைவிட வயதில் மூத்த மிஷின்மேன்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆபீசின் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதுதான் சர்வர். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒரு கார்டில் இன்டர்நெட் ஒயர் வந்து சேரும். இன்னொரு கார்டிலிருந்து உள்ளே போகும் ஒயர், டிசைன் அறை, அச்சுக்குப் பிளேட் எடுக்கிற மிஷின், கணக்குப் பிரிவு, டிஸ்பாட்ச் என்று எல்லா இடத்துக்கும் பிரியும். வெளியிலிருந்து கண்டதும் உள்ளே நுழைந்துவிடாமல் நடுவில் நின்று பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டியின் வேலை. எந்தக் கார்டு வெளிப்பக்கம், எந்தக் கார்டு உள்பக்கம் என்பது அதற்குப் பெயரை வைத்துத்தான் தெரியும். ஈத் ஜீரோ என்றால் வெளியே. ஈத் ஒன் என்றால் உள்ளே. இதை நான்தான் சேர்ந்த புதிதில் எழுதி வைத்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பெயர்கள் கார்டோடு பிறந்தவை அல்ல. பெட்டியை ஆன் செய்யும்போது முதலில் எழுந்திருக்கிற கார்டுக்கு ஜீரோ, அடுத்ததற்கு ஒன். ஒரு கார்டைக் கழற்றி வேறு போட்டாலோ, உள்ளே இருக்கிற போர்டை மாற்றினாலோ வரிசை புரண்டுவிடும். நேற்றுவரை உள்ளே இருந்தது இன்று வெளியே என்று எழுந்து நிற்கும். அப்புறம் ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசாது. டிசைன் அறையில் முடித்த வேலை பிளேட் மிஷினுக்குப் போகாது. பிளேட் இல்லாவிட்டால் நான்கு கலர் மிஷின் சும்மா நிற்கும்.

எங்கள் பக்கம் கார்டுகள் அடிக்கடி சாகும். மழை குறைவான ஊர்தான், ஆனால் பெய்கிற நாலு மழையும் இடியோடுதான் பெய்யும். அதுபோக, கரண்ட் ஏறி இறங்குகிற ஆட்டத்திலும் போகும். ஒவ்வொரு முறையும் நான் போய்ப் பெட்டியைத் திறந்து, கார்டை மாற்றி, பெயர் எப்படிப் புரண்டிருக்கிறது என்று பார்த்து, ஒயரை இடம் மாற்றிச் செருகியோ எழுதி வைத்ததைத் திருத்தியோ சரிசெய்வேன். நான் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது வாசலில் நாலைந்து பேர் நின்று பார்ப்பார்கள். சரியானதும் பிளேட் பிரிவிலிருந்து, "அக்கா, வந்துருச்சு" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காகவே நான் அந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

ஒரு ஆடி மாசம், கடைசி வெள்ளிக்கிழமை, இருக்கன்குடி கோயிலில் மகளுக்கு முடி இறக்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். நாவிதர் பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டார். அப்போது மேனேஜர் அண்ணாச்சி போன் செய்தார். கார்டு போய்விட்டது, யாரோ மாற்றிப் பார்த்தார்களாம், ஒன்றும் ஓடவில்லை. நான் பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் உட்காரவைத்துவிட்டு, கூட்டத்தில் நீந்தி வெளியே வந்து சாத்தூருக்கு வேன் பிடித்து, அங்கிருந்து பஸ் ஏறிப் போனேன். இதைப் பல வருடம் பலரிடமும் குறைப்பட்டுக்கொள்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது பெருமை. நான் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட அந்தக் கம்பெனி ஓடாது என்று ஊருக்குச் சொல்ல எனக்கு ஒரு கதை கிடைத்திருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் புரளாமல் இருக்க வழி இருப்பது எனக்குத் தெரியும். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு சர்வரை ஓட்டுகிற லினக்ஸைப் புதிதாகப் போட்டபோதே, கார்டைச் செருகுகிற இடமான ஸ்லாட் எதுவோ அதை வைத்துத் தானாகவே நிலையான பெயர் வைக்கிற முறை அதில் வந்துவிட்டது. பார்க்க நீளமான, வாயில் நுழையாத பெயர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பழைய மாதிரி ஜீரோ, ஒன் என்றே வைக்கும்படி ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டேன். பழகின பெயர் வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலிடெக்னிக்கில் நானும் அவளும் ஒரே வகுப்பு, ஹாஸ்டலில் ஒரே அறை. மூன்று வருடமும் நான்தான் முதல் மார்க். அவள் இரண்டாவது அல்லது மூன்றாவது. பரீட்சைக்கு முந்தின நாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நான் ஒவ்வொரு பாடமாகச் சொல்லிக்கொடுப்பேன். படித்து முடித்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவளுடைய அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் இல்லாமல் தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். மேலே படி என்று மகளைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கிருந்து பெங்களூர். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கும் கேக் கொண்டுவருவாள். அவள் சம்பளத்தை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவள் கொண்டுவந்த கேக்கை மட்டும் என்னால் ஒரு துண்டுக்குமேல் சாப்பிட முடிந்ததில்லை.

போன வருடம் அவளுடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தனியாக விட முடியாது என்று அவள் விருதுநகருக்கே வந்துவிட்டாள். வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனிக்கு வேலை. எங்கள் முதலாளியின் மனைவிக்கு இரண்டு பிரசவமும் பார்த்தவர் அவளுடைய அம்மா. அந்தப் பழக்கத்தில் வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த முதலாளியம்மா, மகள் பெங்களூரில் பெரிய கம்பெனிகளுடைய நெட்வொர்க் பார்க்கிறவள் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் புது சர்வர் வாங்குகிற நேரம். "அந்தப் பிள்ளை ஒருநாள் வந்து பாத்துட்டுப் போவட்டுமே" என்று முடிவாகிவிட்டது. எனக்கு இது மேனேஜர் வாயால்தான் தெரியும், அதுவும் அவள் வருவதற்கு முந்தின நாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். டீ வாங்கிவரச் சொன்னேன். மிஷின் அறையைச் சுற்றிக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள், குறிப்பு எதுவும் எடுக்காமல். பின்னறைக்கு வந்து பழைய பெட்டியின் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கார்டு மாத்துனா இந்தப் பேரு மாறுமேடி. என்ன பண்ணுத?"

"நான் பாத்துக்கிடுவேன்" என்றேன்.

"நீ லீவுல இருந்தா?"

பக்கத்தில் நின்ற மேனேஜர் அண்ணாச்சி, "அதுக்குத்தான் கோயிலுக்குப் போன எடத்துல இருந்து ஒருதடவ கூப்பிட்டமே. பாவம், பாதியில ஓடியாந்துச்சு" என்றார். இத்தனை நாள் பெருமையாக நான் சொல்லிவந்த கதை. அவர் வாயில் வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

புதுப் பெட்டியில் அவள் செய்தது அதிக நேரம் பிடிக்காத வேலை. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரித்த இடத்திலேயே ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள், உலகத்தில் வேறு கார்டுக்கு இல்லாத நம்பர். இந்த நம்பர் கார்டு எழுந்தால் அதற்கு 'வாசல்' என்று பெயர் வை, அந்த நம்பர் கார்டு எழுந்தால் 'பிரஸ்' என்று பெயர் வை என்று இரண்டு சின்ன ஃபைல்கள் எழுதினாள். மற்ற எல்லா விதிகளையும் அந்த இரண்டு பெயரை வைத்தே எழுதினாள். பிறகு முதலாளியையும் மேனேஜரையும் கூப்பிட்டு, பெட்டியை அணைத்து, இரண்டு கார்டையும் கழற்றி ஸ்லாட் மாற்றிச் செருகி, ஆன் செய்தாள். வாசல் வாசலாகவே எழுந்தது. பிரஸ் பிரஸ்ஸாகவே எழுந்தது. பிளேட் பிரிவில் யாருக்கும் எதுவும் நடந்ததே தெரியவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி சொன்னார்: "இம்புட்டு நாளா இது தெரியாமத்தான் கஷ்டப்பட்டமாக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் குணம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த 'தெரியாம' என்ற சொல் எனக்குள் போய்த் தங்கிவிட்டது. எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தெரிந்தால் ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்டால்? டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மாதம் ஒன்றிரண்டு சனிக்கிழமை வந்துபோனாள். நான் அவளைப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டேன். அவள் செருப்பு, அவள் பேச்சுக்கு நடுவில் முதலாளி தலையாட்டுகிற விதம், முதலாளியம்மா வீட்டிலிருந்து அவளுக்கு வந்த சேவு டப்பா. பதினோரு வருடத்தில் எனக்கு அந்த வீட்டிலிருந்து தீபாவளி ஸ்வீட் பெட்டி தவிர எதுவும் வந்ததில்லை, அது எல்லாருக்கும் வருவது. டிசைன் அறைப் பிள்ளைகள் அவளை 'மேடம்' என்றார்கள். என்னை அக்கா என்றார்கள். அக்கா என்பதில் எனக்கு அதுவரை எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் வீட்டுக்காரர் பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவர், யாரைப் பற்றியும் குறை சொல்லத் தெரியாதவர். அவர் ஒருநாள், "ஒன் கூட்டாளி வந்ததுக்கு அப்புறம் ஒனக்கு நேரங்கெட்ட நேரத்துல போனே வாரதில்லையே. நல்லதாப் போச்சு" என்றார். அன்றைக்கு நான் அவரிடம் பேசவில்லை. காரணம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

போன் வராத மாலைகளில் எனக்கு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் அவள் எழுதிய இரண்டு ஃபைல்களையும் திறந்து திறந்து படித்தேன். தவறு தேடினேன். ஒருநாள் கிடைத்தது.

அவள் கார்டின் நம்பரை நம்பியிருந்தாள். ஸ்லாட் மாற்றினால் பெயர் நிற்கும், சரி. ஆனால் கார்டே செத்துப்போய் வேறு புதுக் கார்டு போட்டால் நம்பர் வேறு. அதற்குப் பெயர் கிடைக்காது. 'பிரஸ்' என்று ஒன்று எழுந்திருக்கவே செய்யாது. விதிகளெல்லாம் இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு நிற்கும். கார்டு அதிகம் சாகாத பெங்களூர்க் கட்டிடங்களில் இது பெரிய விஷயமாக இருக்காது. எங்கள் ஊருக்கு இது தப்பு. நம்பருக்குப் பதிலாக ஸ்லாட்டைச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அந்த இடத்தில் எந்தக் கார்டு இருந்தாலும் அதுதான் பிரஸ் என்று.

இரண்டு வரியை மாற்றினால் தீர்ந்தது. போன் செய்து சொல்லியிருந்தால் அவளே, அட ஆமால்ல என்று சிரித்திருப்பாள். நான் மாற்றவில்லை, சொல்லவும் இல்லை. ஃபைலை மூடிவிட்டு மழைக்காகக் காத்திருந்தேன். ஆறு வாரம் இருக்கும். எங்கள் ஊரில் மழைக்குக் காத்திருப்பது ஒன்றும் புதிதில்லை. நான் காத்திருந்த காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தீபாவளிக்கு லேபிள் லோடு எல்லாம் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஃபாக்டரிகளுக்குப் போய்ச் சேர்ந்து, காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு சாயங்காலம் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே இடி விழுகிற சத்தம் கேட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது உள்பக்கத்துக் கார்டு செத்திருந்தது. பீரோவிலிருந்து புதுக் கார்டை எடுத்து அதே ஸ்லாட்டில் போட்டேன். ஐந்து நிமிட வேலை. ஆன் செய்தேன். வாசல் எழுந்தது. பிரஸ் வரவில்லை. புதுக் கார்டு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயரோடு யாருக்கும் வேண்டாததாக நின்றது. நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது.

மேனேஜர் அண்ணாச்சி வந்தார். அவருக்குப் பின்னால் பிளேட் பிரிவு ஆட்கள்.

"என்னம்மா, கார்டு மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு. மத்தது அவ எழுதுனது அண்ணாச்சி. எனக்கு அது தெரியாது" என்றேன்.

பதினோரு வருடத்தில் நான் அந்த அறையில் சொன்ன முதல் பொய் அது. எனக்குத் தெரியாது என்று சொன்னது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர்கள் என்னிடம் கெஞ்சுவார்கள், நீயே பாரும்மா, ஒனக்குத் தெரியாததா என்பார்கள் என்று நினைத்திருந்தேன். மேனேஜர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

அவள் எடுத்ததும், "அண்ணே, நான் மதுரையில ஆஸ்பத்திரில இருக்கேன். விடியக்காலம் அம்மாவுக்கு மறுபடி நெஞ்சுவலி. உள்ள கொண்டு போயிருக்காக" என்றாள்.

மேனேஜர் பதறிப்போய் வைத்துவிடுகிறேன் என்றார். அவள்தான், பரவாயில்லை, என்ன ஆச்சு சொல்லுங்க, இங்கன சும்மாதான் நிக்கேன் என்றாள். அவர் சொன்னார். அவள் என்னைக் கேட்டாள். திரையில் என்ன வந்திருக்கிறது என்று எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவள் சொல்லச் சொல்ல, எதுவும் தெரியாதவளைப் போல மெதுவாகத் தட்டினேன். அவள் ஒரு கட்டளை சொன்னாள், அதில் ஒரு எழுத்துத் தப்பு. பதற்றத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தப்பை அப்படியே தட்டி, "ஒண்ணும் வரலையே" என்றேன். அவளுக்குப் பின்னால் சக்கரம் வைத்த கட்டில் உருளுகிற சத்தம் கேட்டது. யாரோ அவளுடைய அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிசம்" என்று போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். செருப்புச் சத்தம், அவள் யாரிடமோ 'ஆமா, மகதான்' என்று சொல்வது, எல்லாம் ஸ்பீக்கரில் எங்கள் அறைக்குள் கேட்டது. பிளேட் பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். மேனேஜர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அப்படி அரைமணி நேரம் போயிருக்கும். மறுபடி அவள் குரல் வந்தது. தணிந்த குரல்.

"ஏடி, அந்த ஃபைலு ஒனக்குப் புரியாதா? மூணு வருசம் எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தவ நீதான. நீ தெரியலங்குத, எனக்கு நம்ப முடியல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். நான் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"நான் பாத்துக்கிடுதேன். நீ அம்மாவப் பாரு. போன வையி" என்றேன்.

அவள் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நம்பர் இருந்த வரியை அழித்துவிட்டு ஸ்லாட்டைச் சொல்லி எழுதினேன். இரண்டு கார்டுக்கும் அப்படியே. பெட்டியை அணைத்து ஆன் செய்தேன். பிரஸ் எழுந்தது. பிளேட் பிரிவிலிருந்து, வந்துருச்சு என்று குரல் வந்தது. இந்தமுறை யாரும் அக்கா என்று சேர்த்துச் சொல்லவில்லை. அல்லது சொல்லி எனக்குத்தான் கேட்கவில்லையோ.

மதியம் முதலாளி வந்தார். மேனேஜர் தனக்குப் புரிந்த அளவில் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். பின்னறை வாசலில் நின்று, "தாய் ஆஸ்பத்திரில கெடக்கும்போது போன்லயே சரிபண்ணிக் குடுத்திருக்கு பாரேன் அந்தப் பிள்ளை. என்ன மனசு" என்றார்.

நான்தான் சரிசெய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அரைமணி நேரம் என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். "ஆமா மொதலாளி" என்றேன். அன்றைக்கு வயிறு எரிந்ததைப்போல அதற்கு முன் ஒருநாளும் எரிந்ததில்லை. அவள் செய்யாத வேலைக்கு, நான் செய்த வேலைக்கு, அவளுக்குப் பேர். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் தோன்றியது, அவளுடைய அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பதல்ல. எழுதும்போது இதை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் மீதி எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினேன். அம்மாவுக்கு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர், "வா தாயி, பிள்ளை நல்லா இருக்காளா?" என்று கேட்டார். தூங்கச் சொல்லிவிட்டு நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். நான் வாங்கிப்போன சாத்துக்குடிப் பை என் கையிலேயே இருந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"ஆறு வாரம்."

அவள் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல நின்றாள். கார்டு செத்தது அன்றைக்குத்தானே, ஆறு வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது.

"எதுக்குடி?"

"பொறாமை" என்றேன். வேறு சொல் தேடி வைத்திருந்தேன், வரும் வழியெல்லாம். அந்த நேரத்தில் இதுதான் வந்தது.

"என்மேல பொறாமைப்படு. தப்பில்ல. நான் ஆஸ்பத்திரில நிக்கேன்னு தெரிஞ்ச பெறகும் 'ஒண்ணும் வரலையே'ன்னு சொன்னியே" என்றாள். "டாக்டரு ஒருதடவ என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேக்கல, ஒங்கிட்ட எழுத்து எழுத்தாச் சொல்லிக்கிட்டு நின்னதுல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும், கிளம்பு என்றாள்.

மறுநாள் நான் முதலாளியிடம் போய், அன்று சர்வரைச் சரிசெய்தது நான்தான் என்றும், முதலிலேயே செய்திருக்க முடியும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த காலண்டர் சாம்பிளைப் புரட்டினார். "எல்லாருக்கும் ஒரு கிறுக்கு உண்டும்மா. எழுதிவையி, அடுத்தவகளுக்கும் தெரியட்டும்" என்றார். அதோடு விட்டுவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுதினேன். எந்த ஸ்லாட் வாசல், எந்த ஸ்லாட் பிரஸ், கார்டு செத்தால் என்ன செய்வது, போர்டையே மாற்றினால் ஸ்லாட்டின் அடையாளம் மாறிவிடும், அப்போது எந்த வரியைத் திருத்துவது என்று எல்லாம் தமிழில், நாலு பக்கம். சர்வர் பெட்டிமேல் ஒட்டினேன்.

அவள் தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். போகுமுன் சொல்லிக்கொள்ள வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, அம்மா என் மகளைக் கேட்டதாக ஒரு செய்தி அனுப்பினாள். இப்போது பண்டிகைகளுக்குப் பேசிக்கொள்கிறோம். மரியாதையாகப் பேசுகிறாள். என்னடி, வாடி என்பதெல்லாம் நின்றுவிட்டது. அவளுக்கு மேற்பதவி கிடைத்ததை வேறு ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும் முன்போலவே சுருக்கென்று இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது போய்விடவில்லை.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல், நாலு நாள் லீவு. அந்த நேரம் பார்த்து சர்வர் போர்டு போய்விட்டது. கடைக்காரர் வந்து வேறு போர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கணக்குப் பிரிவில் இருக்கிற ஒரு பெண், கம்ப்யூட்டரில் கணக்கெழுதுகிற டாலி தவிர வேறெதுவும் தொடாதவள், என்னுடைய நாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வரியைத் திருத்தி ஓட்டிவிட்டாள். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்றுதான் அந்தப் பெண்ணே வந்து சொன்னாள்.

"நீங்க எழுதியிருந்த மாதிரியே செஞ்சேன்க்கா. ரெண்டாவது பக்கத்துல ஒரு எடத்துல தப்பு இருந்துச்சு, திருத்திட்டேன்."

நல்லது என்றேன். அவள் போன பிறகு அந்த இரண்டாவது பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் அழகாகத் திருத்தியிருந்தாள். அவள் சொன்னதுதான் சரி. எனக்குப் பிடிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்தத் திருத்தத்தின்மேல் நானே அழுத்தி எழுதி, பக்கத்தைப் பழைய இடத்தில் ஒட்டினேன்.